மாயாண்டியின் வயிறும் ராசிங்காபுரத்துச் சம்பந்தமும்

போன மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துத் தாழ்வாரத்தை ஓர் அம்மாள் பினாயில் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய் மணமும் பினாயில் வாடையும் ஒரே மூச்சில் உள்ளே போயின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. பக்கத்து இலைக்காரர் தன் இலையை என்னிடமிருந்து சற்று நகர்த்திக்கொண்டார். இந்த இரண்டு வாசனையும் சேர்ந்தால் ஒருவனுக்கு ஒரு முழு மலையே எழுந்து வந்து எதிரே உட்காரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அது எண்பதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். என் மனைவியின் தங்கை செண்பகம் மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் டாக்டர். நான் வசன கவிதை எழுதுகிறவன். எங்கள் வீட்டில் இதை ஒரு தொழிலாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை. ஓரிடத்தில் கால் தரிக்காதவன் என்பதுதான் என்னைப் பற்றிய ஏகமனதான அபிப்பிராயம். ஆகவே, செண்பகத்தின் உதவியாளர் மஞ்சள் காமாலையில் படுத்ததும் அவளுக்கு என் ஞாபகம் வந்ததில் அதிசயமில்லை.

"அத்தான், உங்களுக்கு மலை வேணும். எனக்கு மலம் வேணும். ஒரே டிக்கெட்டுல ரெண்டும் முடிஞ்சிரும்," என்றாள்.

அவள் அம்மா, அதாவது என் மாமியார், குடலில் புற்று வந்து இறந்துபோனதிலிருந்து செண்பகத்துக்கு வேறு நினைப்பே கிடையாது. நம் ஒவ்வொருவர் குடலுக்குள்ளும் கோடானுகோடி உயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறந்த அன்றிலிருந்தே நடத்துகின்றன. நாம் தின்பதைத் தின்று, நம் பித்தநீரைப் பிரித்து வேறு எதுவோ ஆக்குகின்றன. அந்த வேறு எதுவோ வருஷக்கணக்கில் குடல் சுவரை உரசி உரசிப் புற்றுக்கு வழி செய்கிறதோ என்பது அவளுடைய சந்தேகம். அவளைப் போன்ற இன்னும் பலருடைய சந்தேகமும் அதுதான். பழைய கஞ்சியும் கிழங்கும் தின்று மலையேறுகிறவன் குடலில் யார் குடியிருக்கிறார்கள், உட்கார்ந்த இடத்தில் பலகாரம் தின்கிறவன் குடலில் யார் குடியிருக்கிறார்கள்? இதைத்தான் அவள் எண்ணிப் பார்க்க விரும்பினாள்.

எனக்குப் புல்லரித்தது. ஊரில்லாத நாடோடி என்று என்னை நானே பாடிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் நானே ஒரு ஊர்!

செண்பகம் கவிதை கேட்கும் நிலையில் இல்லை. தெர்மக்கோல் பதித்த மரப்பெட்டி ஒன்றையும், மூடிபோட்ட சிறு டப்பாக்கள் இருபதையும், ஒரு பாட்டில் பினாயிலையும் என் கையில் திணித்தாள். இருபது பேர், இருபது டப்பா, மேலே பெயர், உள்ளே ஐஸ், அன்றைக்கே மதுரை. எஸ்டேட் முதலாளி அவளுக்குத் தெரிந்தவர், கங்காணியிடம் சொல்லிவைத்திருந்தார்.

மதுரையிலிருந்து போடிக்குப் போன அந்தச் சின்ன ரயிலைப் போல மனிதாபிமானம் உள்ள வாகனத்தை நான் பார்த்ததில்லை. கையைக் காட்டினால் நிற்கும் போலிருந்தது. ஒருவர் இறங்கி, வேலியோரம் ஒதுங்கிவிட்டு, நடந்து வந்து அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார். எங்கள் நாகப்பட்டினத்து ரயில் கடலைப் பார்த்ததும் பயந்து நின்றுவிடும். இது மலையைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மெதுவாகப் போனது.

என் பெட்டியைக் குச்சி ஐஸ் பெட்டி என்றே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு பெண்மணி, அழுகிற தன் பிள்ளைக்கு ஒன்று கொடுக்கச் சொன்னாள். இல்லை என்றேன். யாருக்கு வச்சிருக்கீக என்றாள். டாக்டருக்கு என்றேன். டாக்டரெல்லாம் ஐஸ் தின்னால் ஊர் எப்படிப் பிழைக்கும் என்று ரயில் பெட்டி முழுவதையும் பார்த்துக் கேட்டாள்.

போடியில் இறங்கியதும் காற்றே ஏலக்காயாக இருந்தது. சாக்கடைகூட மணத்தது என்றால் மிகையில்லை. வாசலுக்கு வாசல் முறத்தில் காயைக் கொட்டி, பெரிதையும் பச்சையையும் ஒரு பக்கம், வெளிறியதையும் வெடித்ததையும் ஒரு பக்கமாகப் பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் வேலை செய்தன, வாய்கள் ஊர்க்கதை பேசின, இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல். பரோட்டாக் கடையில் சால்னா நெருப்பாக இருந்தது. என் குடலின் குடிமக்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள் என்று முதல்முறையாகக் கவலைப்பட்டேன்.

மறுநாள் ஐஸ் கம்பெனியில் கட்டி வாங்கி, மரத்தூள் போட்டுப் பெட்டியை நிரப்பி, ராசு என்பவரின் ஜீப்பில் ஏறினேன். ஏறினேன் என்பது தவறு. செருகினார்கள். தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் அது. உள்ளே இடம் முடிந்ததும் வெளியே ஆரம்பித்தார்கள். கம்பியில், படியில், பின்னால் தொங்கும் டயரில். என் மடியில் ஒரு கோழி, கோழியின் மேல் யாரோ ஒருவருடைய முழங்கை. "இன்னும் ரெண்டு பேருக்கு எடமிருக்கு, வெரசா ஏறுங்க," என்றார் ராசு. எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒருவர் என் தோளில் ஏறக்கூடும் என்ற பயம்.

கொண்டை ஊசி வளைவுகளில் மலை எங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கீழே போடி ஒரு முறத்தளவு சுருங்கியது. நான் ஒரு வரியைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜீப் சீறி நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஆட்கள் இறங்கிப் பீடி பற்றவைத்தார்கள். கவிஞனான நானும் இறங்கி, பள்ளத்தாக்கில் மேகம் மேய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால் பெட்டி திறந்திருந்தது. என் ஐஸ் முழுவதையும் உடைத்து ரேடியேட்டருக்கு ஒத்தடம் கொடுத்து, உருகிய தண்ணீரையும் அதற்கே புகட்டியிருந்தார் ராசு.

"காலி டப்பாவுக்கு எதுக்குச் சார் குளுமை? எஸ்டேட்டுல ஓடைத் தண்ணி இருக்கு. ஐஸு தோத்துப்போகும்," என்றார். அது நிஜம் என்று பிறகு என் கால் சொன்னது.

மெட்டுக் கணவாயைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் சற்று உள்ளே இருந்தது எஸ்டேட். பெரிய மரங்களின் நிழலில் ஏலச்செடிகள் ஈரமாக நின்றன. காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து புகை. வந்தவுடன் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார்கள். அதில் ஏலக்காய் இல்லை. ஏன் என்று கேட்டேன். ஒரு கிழவர், காயெல்லாம் விக்கிறதுக்கு, சாயாவுல போடுறதுக்கா என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நாகப்பட்டினத்தில் நல்ல மீனெல்லாம் வெளியூருக்குப் போகிறதே, அது ஞாபகம் வந்தது.

கங்காணி வேலுச்சாமி ஒல்லியான, மரியாதையான மனிதர். மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டாள். ஒரே மகள் செல்வி. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரிசம் போட ராசிங்காபுரத்திலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் வாழையும் பம்புசெட்டும் உண்டு. இதைச் சொல்லும்போது வேலுச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார், சத்தம் கேட்டால் சம்பந்தம் பறந்துவிடும் என்பதுபோல.

நான் வந்த காரியத்தைச் சொல்ல ஆட்களைக் கூட்டினார்.  வெளிக்கு, கொல்லைக்கு, ஒதுங்குவது என்று நம் மொழியில் எத்தனை நாசூக்கான சொற்கள் உண்டோ அத்தனையையும் செலவழித்தேன். கூட்டம் நான் எதையோ விற்க வந்ததாக நினைத்தது. கடைசியில் செல்விதான் வெடுக்கென்று, "பீ கேக்குறாரு. ஆளுக்கு ஒரு டப்பா," என்றாள். கூட்டம் ஆசுவாசப்பட்டது. நானும்தான்.

எதற்கு என்று கேட்டார்கள். வயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளை எண்ணுவதற்கு, புற்றுநோய்க்கும் அவற்றுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதற்கு என்றேன். வேலுச்சாமி முன்னே வந்தார். டப்பாக்களைத் தானே வாங்கிக்கொண்டு, காலையில் எல்லாம் தயாராக இருக்கும், சாருக்கு அந்தச் சோலி வேண்டாம் என்றார். கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் சாப்பிட்டு, கம்பளிக்குள் சுருண்டேன்.

காலையில் இருபது டப்பாவும் ஓடையில் வரிசையாகக் கண்ணைக் கவரும் விதத்தில் மிதந்தன. மேலே பெயர்கள். பினாயில் தெளித்துத் துடைத்து, சாக்கு சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். வழியில் ஐஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று ராசு தைரியம் சொன்னார். பரிசத்துக்குச் சாமான் வாங்க வேலுச்சாமியும் கூட ஏறினார். பின்னால் மாயாண்டி என்ற இளைஞன் ஏறினான். தூண்போல இருந்தான். முகத்தில் மட்டும் ஏதோ ஒரு பெருமிதமும், சொல்ல முடியாத களைப்பும்.

மெட்டில் சோதனைச்சாவடி. வரி கட்டாமல் ஏலக்காய் கடத்துகிறார்களா என்று பார்க்கும் இடம். அதிகாரி பெட்டியைக் கண்டார். மரப்பெட்டி, சாக்கு, உள்ளே சிறு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவர் கண் மின்னியது. எவ்வளவோ பேரைப் பார்த்தவர்.

"சேம்பிளோ?" என்றார்.

ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

"நல்ல காயா?"

மாயாண்டி பின்னாலிருந்து, "ஒண்ணாம் நம்பர் சரக்கு சார்," என்றான்.

திறக்க வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். கெஞ்சியதுதான் வினையாயிற்று. அவர் ஒன்றைத் திறந்து, பழக்கதோஷத்தில், மணம் பார்க்க மூக்கருகே கொண்டுபோனார்.  பிறகு அவர் மூடியை மிக மிருதுவாகப் பொருத்தி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்து, பெட்டியை மூடி, என் முகத்தைப் பார்க்காமல் தடுப்புக் கம்பைத் தூக்கச் சொன்னார். பினாயில் பாட்டிலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த வேடிக்கையை எதிரே டீக்கடையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, முறுக்கிய மீசை. வேலுச்சாமியின் உடம்பு சட்டென்று பாதியாயிற்று. ராசிங்காபுரத்துச் சுருளியப்பன்; மாப்பிள்ளையின் தகப்பன். மேலே குத்தகைக்கு எடுத்திருந்த ஏலத்தோட்டத்தைப் பார்க்கப் போகிற வழி.

ராசு விஷயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். மதுரையிலிருந்து புத்துநோய்ப் பூச்சி பிடிக்கிறவர் வந்திருக்கிறார். செல்வி உட்பட எஸ்டேட் சனம் பூராவும் டப்பா கொடுத்திருக்கிறது. மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"சனமாவது? அம்புட்டும் என்னுது. ரெண்டு வேளையா கெழங்கு தின்னு, தனியாளா நின்னு ரொப்பியிருக்கேன்."

நான் வேலுச்சாமியைப் பார்த்தேன். அவர் ஜீப்பின் டயரைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "போடிக்குக் காய் சேம்பிள் அனுப்பும்போது சொத்தையவா சார் அனுப்புவோம்? நல்ல காயாப் பொறுக்கித்தான் அனுப்புவோம். மலையிலயே சுத்தமான வயிறு இவனுதுதான். மருந்துன்னு ஒரு மாத்திரை தின்னதில்ல. எஸ்டேட் பேரு கெட்டுறக் கூடாதுல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கைகள் அல்லவா? இருபது பேருடைய பெயரில் ஒரே ஒருவனை மதுரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மாயாண்டி மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால், செண்பகம் எஸ்டேட் மக்கள் அனைவரும் ஒரே வயிறாக வாழ்கிறார்கள் என்று முடிவுகட்டியிருப்பாள்.

சுருளியப்பன் சிரிக்கவில்லை. "ஏப்பா வேலுச்சாமி, மத்தவுக டப்பாவுக்கு நீ சொல்றது சரி. ஓம்மக பேரு போட்ட டப்பாவுல எதுக்கு மாயாண்டிது?" என்றார்.

சுருளியப்பன் ஓரடி கிட்டே வந்தார்.

"ஒம்பொஞ்சாதி என்ன நோவுல செத்தா? வயித்துவலின்னுதான எங்ககிட்டச் சொன்ன?"

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். குடலில் கட்டி என்று வேலுச்சாமி சொன்னபோது அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சுருளியப்பனுக்குக் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். அந்தப் பூச்சி தாயிடமிருந்து மகளுக்கு வருமா, மகள் ஆக்கிப்போடும் சோற்றின் வழியாகத் தன் வீட்டுக்குள் வருமா, வெள்ளிக்கிழமைக்குள் தனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

நான் டாக்டர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலுச்சாமியின் முகத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே கருவியை எடுத்தேன். உவமை. குடல் ஒரு தோட்டம் என்றேன். உள்ளே வாழும் கிருமிகள் செடிகள். எல்லோர் வயிற்றிலும் தோட்டம் உண்டு. மண்ணும் நிழலும் நீரும் மாறினால் விளைச்சல் மாறும். எனக்கே நன்றாக இருந்தது. டீக்கடையும் தலையாட்டியது. ஏதாவது ஒரு செடிக்கு நோய் வருவது இயற்கைதானே என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

சுருளியப்பன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏலச்செடிக்குக் கட்டே நோய் வந்தா என்ன செய்வோம் தெரியுமா சார்? ஒரு தூருல வந்தா அந்தத் தூரையே கல்லி எரிச்சுப்புடுவோம். விட்டா பக்கத்துத் தூருக்குப் பரவிரும். நீங்களே சொல்லிட்டீகள்ல, தோட்டம்னு." துண்டை உதறித் தோளில் போட்டார். "வெள்ளிக்கெழமையப் பொறவு பாப்போம் வேலுச்சாமி."

வசன கவிதையால் ஒரு கல்யாணத்தை நிறுத்தியவன் தமிழில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடிப்போய் மறித்தேன். இனி உவமை பேச மாட்டேன், டாக்டரையே பேச வைக்கிறேன், போடித் தபாலாபீசுக்கு வாருங்கள் என்றேன். அவர் யோசித்தார். நல்ல மனிதர்; பயந்த மனிதர் என்பதும் தெரிந்தது. ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டார். வேலுச்சாமி பின்னால், மாயாண்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உட்கார்ந்தார்.  இறங்குகிற வழியெல்லாம் வளைவுகளில் டப்பாக்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

அந்தக் காலத்தில் டிரங்க் கால் என்பது ஒரு விரதம். பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே பெஞ்சு. ஒரு முனையில் சுருளியப்பன், மறுமுனையில் வேலுச்சாமி, நடுவில் நான். மணியார்டர் அனுப்ப வந்தவர்கள், தந்தி கொடுக்க வந்த ஏலக்காய் வியாபாரிகள், எல்லோரும் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வேலுச்சாமி ஒருமுறை எழுந்து போய்ச் சோடா வாங்கி வந்து சுருளியப்பனிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தச் சோடாவை வைத்துக்கொண்டு வேலுச்சாமி நின்ற நிலையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாங்கி நான் குடித்துவிட்டேன்.

மணி அடித்தது. கத்தினால்தான் கேட்கும். "செண்பகம், இருபது டப்பாவும் ஒரே ஆளோட மலம்!" என்று நான் கத்தியதும் தபாலாபீசில் முத்திரை குத்தும் சத்தம் நின்றது. மறுமுனையில் அவள் என்னைப் பற்றிச் சொன்னதை எழுத மாட்டேன். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் விஷயத்தைச் சொல்லி, ரிசீவரைச் சுருளியப்பனிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். செண்பகத்தின் குரலுக்கு அந்தத் தூரம் போதவில்லை. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

கிருமி இல்லாத வயிறு உலகத்திலேயே கிடையாது, உங்கள் வயிற்றிலும் உண்டு, அவை இல்லையென்றால் நீங்கள் இல்லை என்றாள். சுருளியப்பன் ஒரு கையால் தன் வயிற்றை மூடிக்கொண்டார்.

"அந்தப் பிள்ளை ஆக்குன சோத்தத் தின்னா வருமா வராதா? அத மட்டும் சொல்லும்மா."

"எங்கம்மா இதே நோயிலதான் போனாங்க. உங்க பக்கத்துல நிக்கிறாரே எங்க அத்தான், அவரு எங்கம்மா கையால வருஷக்கணக்காத் தின்னவரு. இப்ப எங்க அக்கா கையால தின்னுக்கிட்டு இருக்காரு. அவரை ஒருதடவை மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தார். வரிசை முழுவதும் பார்த்தது. நாற்பத்தைந்து வயதில் என் வயிறு எப்படி இருந்தது என்பதை விவரிக்க அவசியமில்லை; அறிவியலுக்கு அது பயன்பட்ட ஒரே நாள் அதுதான். மாயாண்டி மரியாதையோடு தலையாட்டினான்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலத்துலயும் வராதுங்கிற?"

கம்பியில் கரகரப்பு. பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கிவந்தது.

"சத்தியம் பண்ண நான் பூசாரி இல்லைங்க. எனக்கு வருமா, உங்களுக்கு வருமா, அதுவும் தெரியாது. சோத்துல ஒட்டாது, கூட இருந்தா ஒட்டாது. அது தெரியும். மத்தது தெரியல. தெரிஞ்சுக்கத்தான் டப்பா அனுப்புனேன். நீங்க எல்லாரும் சேர்ந்து ஒருத்தனையே இருபது தடவை அனுப்புறீங்க."

நேரமாகிவிட்டது என்று எக்ஸ்சேஞ்சுக்காரர் துண்டித்தார். சுருளியப்பன் ரிசீவரை அதன் தொட்டிலில் வைத்தார். தெரியாது என்று சொல்கிற டாக்டரைத் தான் கண்டதே இல்லை என்றார். ஏமாற்றுகிறவளாக இருந்தால் தெரியும் என்றல்லவா சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலையில் தானும் எஸ்டேட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. அன்று பரோட்டாக் கடையில் வேலுச்சாமி எதையும் தொடவில்லை. மாயாண்டி இருவருக்கும் சேர்த்துத் தின்றான். டப்பாக்களில் இருந்ததைப் புதைத்து, டப்பாக்களைக் கழுவி, லாட்ஜ் மாடியில் கவிழ்த்து வைத்தோம். லாட்ஜுக்காரர் எதுவும் கேட்கவில்லை. போடியில் எங்கள் புகழ் அதற்குள் பரவியிருந்தது.

மறுநாள் மலையில் சாரல். செல்விக்கு ராசு மூலம் எல்லாம் முதலிலேயே தெரிந்துவிட்டிருந்தது. அவள் தன் அப்பாவைத் தாண்டி வந்தாள். என் கையிலிருந்து டப்பாக்களைப் பிடுங்கிக்கொண்டு தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போனாள். கதவைத் தட்டும் சத்தமும், மறுப்பும், அவள் அதட்டலும் கேட்டன. கிழவி, பிள்ளைத்தாய்ச்சி, வயிற்றுப்போக்குக்காரர், யாரையும் விடவில்லை. பொறுக்கவும் இல்லை. திரும்பி வந்து எண்ணிப் பார்த்ததில் இருபதும் இருந்தன. மாயாண்டிக்கு ஒன்று மட்டும். அவன் மனம் உடைந்துபோனான்.

சுருளியப்பன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகிறவரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர்கூட எச்சரிக்கையாகத்தான் குடிப்பார்கள். நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது. வேலுச்சாமி டம்ளரில் சாயாவைக் கொண்டுவந்து, நீட்டவும் துணியாமல், வைக்கவும் துணியாமல் நின்றார்.

சுருளியப்பன் அதைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்து, "ஆத்தா செல்வி," என்று கூப்பிட்டார். "சாயா வேணாம். பழைய கஞ்சி கெடக்கா?"

 செல்வி சட்டியோடு வந்தாள். நேற்று வடித்து இரவெல்லாம் நீரில் ஊறிய சோறு, நுரைத்துப் புளித்திருந்தது. செண்பகம் பார்த்திருந்தால் அந்தச் சட்டியை அப்படியே மதுரைக்குத் தூக்கிப்போயிருப்பாள். கோடிக்கணக்கான சீவன்கள் அதில் கும்மியடித்துக்கொண்டிருந்தன. சுருளியப்பன் கையைக் கழுவினார். ஐந்து விரலும் முங்க உள்ளே விட்டுப் பிசைந்தார். ஒரு காந்தாரி மிளகாயைக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. மிளகாய்க்கு வந்ததா என்று நான் சொல்லத் தயாரில்லை.

"உப்புப் பத்தல. எங்க வீட்டுல இன்னுங்கொஞ்சம் தூக்கலாப் போடணும். பழகிக்க," என்றார்.

வேலுச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயாவை அவரே குடித்தார்.

சாப்பிட்டு முடித்த சம்பந்தி என்னிடம் ஒதுங்கி வந்து, உபரியாக ஏதேனும் டப்பா இருக்கிறதா என்று ரகசியமாகக் கேட்டார். டப்பா ஒன்று உடைந்தால் உதவும் என்று வைத்திருந்த பழைய பாட்டில் மூடி ஒன்றுதான் இருந்தது. அதில் முடியாது என்றேன். அவருக்கு வருத்தம். ராசு எங்கிருந்தோ ஒரு காலி வெற்றிலை டப்பாவைக் கொண்டுவந்தார். சுருளியப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, ஏலச்செடிகளுக்குள் ஒரு அமைச்சரின் நடையில் மறைந்தார். திரும்பி வந்தபோது டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, தாம்பூலம் கொடுப்பதுபோல் என்னிடம் தந்தார். நானும் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வேறு எப்படி வாங்குவது?

இந்த முறை ஐஸ் தீரவில்லை. சாவடி அதிகாரி எங்களைத் தூரத்தில் கண்டதும் கம்பைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விடுவார் என்று ராசு முன்கூட்டியே சொல்லிச் சிரித்தார். அப்படித்தான் பிறகு நடந்தது.

கிளம்பும்போது சாரல் வலுத்தது. ஜீப்பில் வழக்கம்போல் இடமில்லாத இடத்தில் என்னைச் செருகினார்கள். மடியில் பெட்டி. வேலுச்சாமி சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார். செல்வி ஜீப்பின் பக்கவாட்டில் வந்து, நனைந்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றாள். ராசு எஞ்சினை உறுமவிட்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் எஞ்சின் அடங்கியது.

"எங்காத்தாளுக்கு எதனால வந்துச்சுன்னு என்னைக்காச்சும் தெரிஞ்சா, அந்த அக்காவ எனக்கு ஒரு கடுதாசி போடச் சொல்லுங்க. எத்தன வருசமானாலும் சரி. வெலாசம் மட்டும் ராசிங்காபுரத்துக்குப் போட்டுறச் சொல்லுங்க."